ஆறு மணிக்குப் பிறகும் ஓடிய கசெற்

நாங்கள் ஆவணங்களைக் கேட்டபோது முதலில் ஒன்றுமே இல்லை என்றார்கள். பிறகு ஒரு வான் நிறையப் பெட்டிகளை அனுப்பி, வேண்டியதை நீங்களே தேடி எடுங்கள் என்றார்கள். பெரிய கம்பனிகளுக்காக வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகளின் வழக்கமான விளையாட்டு அது என்பது எனக்கு அப்போது தெரியாது. மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்த புதிது. வெள்ளைக்காரர் எதைச் செய்தாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த உதவிப்பணம் வாடகைக்கே சரியாகப் போனது. கொழும்பில் நான் படித்திருந்த ஆங்கிலச் சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நகரின் மேற்குப் பக்கத்தில், பொரித்த மீன் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில், தனியாகத் தொழில் பார்த்த ஒரு வயதான சட்டத்தரணியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் சேலைகளெல்லாம் மீன் எண்ணெய் மணத்தன. ட்ராமில் பக்கத்துச் சீற்றில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்தால், அது என் நிறத்துக்கா மணத்துக்கா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேருவேன்.

என் முதலாளி நல்ல மனிதர். பெரிய உடம்பு, முழங்கையில் கிழிந்த கம்பளிச் சட்டை, மத்தியானத்தில் இறைச்சிப் பை, அதாவது மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரம். அதன் தக்காளிச் சோஸ் விழாத வழக்குக் கோப்பு அந்தக் கந்தோரில் கிடையாது. பணக்காரருக்கு வழக்குப் பேசமாட்டார். பணக்காரர் யாரும் அந்தப் படியேறி வந்ததும் இல்லை என்பது வேறு கதை.

அந்த வழக்கு ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை பற்றியது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கிரேக்க, இத்தாலியப் பெண்கள். ஐந்து மணிக்கு வேலை முடிகிறது என்று கம்பனி சொல்லும். ஆனால் ஐந்து மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, அதைத் துடைத்து, தரையைக் கூட்டி, வெட்டுத் துண்டுகளை அள்ளிக் கட்டி வைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. நேரம் பதிகிற மணிக்கூட்டில் எல்லாருடைய அட்டைகளையும் ஃபோர்மனே, எங்கள் ஊரில் என்றால் கங்காணி என்போம், ஐந்து மணிக்கு ஒரே மூச்சில் குத்திவிடுவான். வழக்குப் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர். முன்னுக்கு நின்றவர் ஒரு கிரேக்கப் பெண். கை இரண்டும் கடதாசி வெட்டிய தழும்பாக இருக்கும். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வருவார்.

ஏழெட்டுப் பேரில் ஒருவர் எங்கள் ஆள்.

யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பையும் அனுபவத்தையும் ஒருவரும் மதிக்கவில்லை. பெட்டி வெட்டுகிற மிஷினில் நின்றார். ஆனால் எப்போதும் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டுதான் கந்தோருக்கு வருவார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணை என்பேன். அன்றைக்கு மெல்பேர்ணில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டு ஹோலுக்குள் அடங்கும். கிளென் வேவர்லியில் ஒரு தமிழ் டொக்டர் வீடு வாங்கியிருந்தார். ரயில் பாதை முடிகிற இடம், அதற்கு அப்பால் பழத்தோட்டம். பொங்கல், தீபாவளி என்றால் எல்லாரும் ரயிலேறி அங்கே போவோம். தேங்காய்க்குப் பதிலாகப் பைக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்ப்பூவில் சம்பல். கறிவேப்பிலையைக் கனவில்தான் கண்டோம். அந்தச் சம்பலின் ருசி இன்றைக்கு நான் குடிமாறி இருக்கிற நகரத்தில், வென்ட்வேர்த்வில் கடைகளில் பச்சைத் தேங்காய் வாங்கி அரைத்தாலும் எனக்கு வருவதில்லை.

அந்த வீட்டில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, என்ன வேலை என்பதுதான். டொக்டர், இன்ஜினியர், எக்கவுண்டன் என்று வரிசையாக வரும். அண்ணையின் முறை வந்தால், 'ஒரு கம்பனியிலை, புரொடக்சன் பக்கம்' என்று சொல்லிவிட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நான் மட்டும்தான் உண்மை தெரிந்தவள். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கம் பார்க்கமாட்டார்.

வழக்குக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் வழக்கு எடுபடுவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் தங்களிடம் என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று ஒன்றையும் ஒளிக்காமல் மற்றப் பக்கத்துக்குச் சொல்லவேண்டும். டிஸ்கவரி என்பார்கள். தனக்குச் சாதகமானதை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைக்கக்கூடாது. முன்பு கையில் இருந்து இப்போது இல்லாததைக்கூட, எங்கே போனது என்று சத்தியக்கடதாசியில் எழுதவேண்டும். இதை முதலாளி எனக்கு விளங்கப்படுத்தியபோது, எவ்வளவு நேர்மையான நாடு என்று புல்லரித்துப் போனேன். பெட்டிகள் வந்து சேர்ந்ததும் புல்லரிப்பு நின்றது. கன்ரீன் பால் கணக்கு, லொறி ரிப்பேர் துண்டு, கிறிஸ்மஸ் விருந்துக்கு வாங்கிய பலூன் ரசீது எல்லாம் இருந்தன. நாங்கள் கேட்ட நேர அட்டைகள் அடியில் கிடந்தன. எல்லாவற்றிலும் ஐந்து மணி. ஃபோர்மன் தன் வேலையைத் துப்புரவாகச் செய்திருந்தான்.

எங்கள் பக்கத்துச் சத்தியக்கடதாசிகளுக்காக ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வீட்டில் என்ன ஆவணம் இருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்டேன். கிரேக்கப் பெண் தன் கலியாணச் சான்றிதழைக் கொண்டு வந்து காட்டினார். அண்ணை கடைசியில் வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கசெற் எல்லாம் ஆவணத்தில் சேருமோ என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ரெலிபோன் எடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் கசெற்றில், ஒலிநாடாவில், பேசி அனுப்புவோம். இவர் ஒரு சின்ன ரெக்கோடர் வாங்கி மனைவிக்கு அனுப்பியிருந்தார், தனக்கும் ஒன்று வைத்திருந்தார். கசெற் விலை. அதனால் இவர் பேசி அனுப்புவதைக் கேட்டுவிட்டு, மனைவி அதற்கு மேலேயே தன் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். பிறகு இவர் அதன் மேல் பேசுவார். எங்கள் எல்லாருடைய வீட்டிலும் அப்படித்தான். எத்தனை பேச்சை அழித்து எத்தனை பேச்சைப் பேசினோம். என் அம்மாவின் குரல் என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை.

ஒரு நாள் பின்னேரம் ரெக்கோடரைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய், தான் வேலை செய்யும் இடத்தை மனைவிக்குக் கேட்கப் பண்ணியிருக்கிறார் அண்ணை. அப்போது அங்கே ரேடியோவும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கசெற் மட்டும் ஏனோ அழியாமல் திரும்பி வந்துவிட்டது. மனைவி அதன் மறுபக்கத்தில் பேசி அனுப்பியிருந்தார்.

முதலாளி அதைப் போட்டுக் கேட்டார். தன் குரலைத் தானே கேட்க வெட்கம் என்று சொல்லி அண்ணை வெளியே போய் நின்றுகொண்டார். நானும் அன்றைக்கு நீதிமன்றத்துக்குக் கடதாசி கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்தபோது முதலாளி மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் பின்னணியில் ஆறு மணிச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் வருகிற பீப் பீப் சத்தம் துலக்கமாகக் கேட்டது. தொடர்ந்து அன்றைய செய்தி. நடுவில் ஃபோர்மன் யாரையோ வேலை ஏவுகிற சத்தம். ஐந்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று எழுதித் தந்த கம்பனிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சிரித்தார்.

மற்றப் பக்கம் உடனே துள்ளியது. கசெற் ஆவணம் அல்ல, ஆவணம் என்றால் எழுத்து இருக்கவேண்டும் என்றார்கள். இதற்காக ஒரு முழு நாள் வாதாடினார்கள். இந்தத் தகராறுகளை மட்டும் விசாரிக்கிற ஒரு சின்ன நீதிபதி இருந்தார். தகவலைத் தாங்கியிருக்கிற எதுவும் ஆவணம்தான், கசெற்றும் ஆவணம்தான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். முதலாளி எனக்கும் ஒரு இறைச்சிப் பை வாங்கித் தந்தார். நான் மாடு சாப்பிடுவதில்லை என்று சொல்ல மனம் வராமல், பையை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன்.

எங்கள் வெற்றி எங்கள் தலையிலேயே விடிந்தது. கசெற் ஆவணம் என்றால் எல்லாக் கசெற்றும் ஆவணம்தானே என்று மற்றப் பக்கம் கடிதம் எழுதியது. அந்த ஆள் வேலை நேரத்தைப் பற்றி வேறு எதிலும் பேசியிருக்கலாம். ஆகவே வீட்டிலிருக்கும் அத்தனை கசெற்றையும் தரவேண்டும், முழுதும் மொழிபெயர்த்துத் தரவேண்டும் என்றார்கள். அதோடு இன்னொரு குற்றச்சாட்டு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்ததன் மூலம் வழக்காளி திட்டமிட்டு ஆவணங்களை அழித்திருக்கிறாராம். அழித்ததில் அவருடைய மனைவிக்கும் பங்கு உண்டாம். அதன் பிரதியைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு வந்த கோபத்தில் மிஷினின் எழுத்தொன்று கழன்று விழுந்தது. புருசனும் பெண்சாதியும் கதைத்துக்கொண்டார்கள் ஐயா, கசெற் வாங்கக் காசில்லை ஐயா என்று பதில் எழுதவேண்டும் போல இருந்தது. முதலாளி அதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதினார்.

கடைசியில் சின்ன நீதிபதி நடுவில் வெட்டினார். சத்தியம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்கவேண்டும். தொழிற்சாலைக்குள் பதிந்ததையும், அண்ணை வேலை நேரத்தைப் பற்றிப் பேசியதையும் மட்டும் முழுதாக எழுதித் தரவேண்டும். மற்றதை ஒருவரிடமும் வாய் திறக்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. தமிழும் நீதிமன்ற ஆங்கிலமும் தெரிந்த ஆள் வேறு அகப்படவில்லை. வேதப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லி, வெறுங்கையை உயர்த்தி நான்தான் சத்தியம் செய்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணை வந்தார். கையில் ஒரு பிஸ்கற் பேணி, அதற்குள் கசெற்றுகள். பேணியை மேசையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போகும் வரை பொறுத்திருந்துவிட்டுப் பேசினார். மனைவிக்கு விசா கிடைத்துவிட்டதாம், சில கிழமைகளில் வந்துவிடுவாராம். சந்தோசமான செய்திதானே என்றேன். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. அந்தத் தொழிற்சாலைக் கசெற்றில் தான் ஒரு வசனம் பேசியிருப்பதாகச் சொன்னார். இங்கே கொஞ்சப் பேர் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள், அவர்கள் கூட்டி முடிக்கும் வரை நான் நின்று பார்க்கவேண்டும் என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறாராம், மனைவி வந்து இறங்குகிற நேரம் அது பொய்யென்று கடதாசியில் கிடக்குமாம்.

எனக்கு உடனே விளங்கியது. மேற்பார்வை செய்கிறவர்களுக்கு மேலதிக நேரச் சம்பளம் கிடையாது. அவரே தன் வாயால் தான் மேற்பார்வை என்று சொல்லியிருந்தால் கம்பனிக்கு அது போதும். இவர் பொய்யர், இவருடைய கசெற்றும் பொய் என்று அடித்துவிடலாம். கசெற் போனால் கிரேக்கப் பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் கையில் ஒன்றுமில்லை.

"தங்கச்சி, அந்த ஒரு வசனத்தை விட்டிட்டு எழுதேலாதோ?" என்றார். "உங்களைவிட்டா ஆருக்குத் தெரியப்போகுது."

அது உண்மைதான். அந்தக் கட்டடத்தில், அந்தத் தெருவில், எனக்குத் தெரிந்து அந்த நகரத்துச் சட்டத்தரணிகளின் கந்தோர்கள் எதிலும் இன்னொரு தமிழ் ஆள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் என்பதைவிட, என்னை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதன் மேல். பலூன் ரசீதுகளுக்கு அடியில் அட்டைகளை ஒளித்தவர்களைத் திட்டிக்கொண்டு நான் ஒரு வசனத்தை ஒளிக்கமாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் பேணியை மேசையில் வைத்தார். தான் வழக்கிலிருந்து விலகிக்கொண்டால் கசெற்றும் விலகுமா என்று கேட்டார். விலகாது அண்ணை, தீர்ப்பு வந்துவிட்டது என்றேன். போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

கசெற் கேட்கும் நாட்களில் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு இளம் சட்டத்தரணி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நான் ஏமாற்றாமல் பார்ப்பது அவன் வேலை. பாவம், தமிழ் ஒலி மட்டும் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி விட்டான். பிறகு தேநீர் போடும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். கீழே மீன் பொரியும் சத்தம், மேலே யாழ்ப்பாணத்து முற்றத்துக் காகங்களின் சத்தம். மெல்பேர்ண் மழையில் நனைந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து அந்தக் காகங்களைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நான் சத்தியத்தை மீறவில்லை. காகங்களைப் பற்றி எழுதக்கூடாது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

தொழிற்சாலைக் கசெற்றைக் கடைசியில் போட்டேன். போடும்போதே ஒன்றைக் கவனித்தேன். கசெற்றின் முதுகில், மேலே பதிய முடியாதபடி உடைத்துவிடுகிற சின்னப் பிளாஸ்ரிக் காது ஒன்று இருக்கும் அல்லவா, அவருடைய குரல் இருந்த பக்கத்துக்குரிய காது உடைக்கப்பட்டிருந்தது. யாரோ அந்தக் குரலை அழியாமல் வைத்திருக்க நினைத்திருக்கிறார்கள்.

பீப் சத்தம் வந்தது. செய்தி வந்தது. அண்ணையின் குரல், கொஞ்சம் மிடுக்காக, எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் என்று சொன்னது. கூட்டி முடிக்கும் வரை நான் நிற்கவேண்டும் என்றது. சரியப்பா, பிறகு கதைக்கிறன் என்று முடித்தது. பிறகு ஒரு டக் என்ற சத்தம். ரெக்கோடரை எங்கோ வைத்திருக்கிறார். நிறுத்தினதாக நினைத்திருக்கிறார். அது நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முதலாளி கேட்டுச் சிரித்த ஃபோர்மனின் குரல் வந்தது. முதலாளி அந்தக் குரல் கேட்டதுமே கசெற்றை நிறுத்தியிருந்தார், அதற்கு முன்னால் இருந்த தமிழும் அவருக்கு விளங்காது, ஆகவே அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தமிழும் ஆங்கிலமும் விளங்கின. தொழிற்சாலையில் அண்ணையின் பெயரைச் சொல்ல வாய் வராமல் வைத்திருந்த ஒரு பட்டப்பெயரால் ஃபோர்மன் அவரைக் கூப்பிட்டான். கதைத்தது போதும், தும்புத்தடியை எடு, அந்த மூலையெல்லாம் இன்னும் தூள் கிடக்கிறது, கூட்டி முடிக்காமல் ஒருவரும் வெளியே போகமுடியாது என்றான். அண்ணை ஆங்கிலத்தில், சரி சேர், இதோ என்றார். பிறகு ரெக்கோடருக்குக் கிட்டவே கூட்டுகிற சத்தம். சரக், சரக் என்று பக்கம் முடியும் வரை அதுதான்.

எதிரே இருந்தவன் கொட்டாவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் விளங்கியது, அதுவே போதுமானதாக இருந்தது. தேநீர் ஆறிவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்று எழும்பிப் போனான்.

மறுபக்கத்தைப் போட்டேன். மனைவியின் குரல். ஊரில் ஆங்கில ரீச்சர் என்று அண்ணை பெருமையாகச் சொல்லியிருந்தார். நிதானமான, வகுப்பறைக்குப் பழகிய குரல். அதில் வேலை நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அதில் என்ன இருந்தது என்று நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை. தேநீரோடு திரும்பி வந்தவன், அந்தப் பெண் என்ன சொல்கிறார், ஏன் நீ அழுகிறாய் என்று கேட்டான். உனக்குத் தேவையில்லாத விசயம் என்று சொல்லி மூக்கைச் சீறினேன்.

அண்ணையைத் தேடி நானே போனேன். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ட்ராம் தரிப்பில் காத்து நின்றேன். வெளிச்சம் போகும் நேரத்தில்தான் வெளியே வந்தார்கள். கிரேக்கப் பெண் என்னைக் கண்டு கையசைத்தார். அண்ணையின் தலைமுடியில் அட்டைத்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெள்ளைச் சேட்டை ஒரு பையில் மடித்து வைத்திருந்தார். கந்தோருக்கு வரும்போது மாற்றிக்கொண்டு வருவார் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப்போகிறேன் என்றேன். உங்கள் வசனத்தையும் எழுதுவேன், அதற்குப் பிறகு வருவதையும் எழுதுவேன், இரண்டையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் மேற்பார்வை என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது, ஆகவே வழக்குக்குப் பயமில்லை என்றேன். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று கேட்டார். ரெக்கோடர் நிற்கவில்லை என்று சொன்னேன். ஃபோர்மன் சொன்னதைச் சொன்னேன். தும்புத்தடிச் சத்தத்தையும் சொன்னேன்.

அவர் தலைமுடியில் இருந்த தூளைக் கையால் தட்டினார். பிறகுதான் அவருக்கு அது விளங்கியது. அது விளங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

"அப்ப அவவும் கேட்டிருப்பா," என்றார்.

மறுபக்கத்தில் இருந்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அவருக்கு என் பதில் தேவைப்படவில்லை. மறுபக்கத்தை அவர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார், அவருக்கு அது மனப்பாடம். அவரே சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சொன்னது அவர்தான் என்பதால் இன்று நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்குக் கீழை கூட்டுற ஆளுக்குச் சொல்லுங்கோ, மூக்கிலை வாயிலை துணி கட்டிக்கொண்டு கூட்டச் சொல்லி. அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. வெறும் வயித்தோடை நிண்டு கூட்ட வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. அந்த மனுசனுக்கும் ஊரிலை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பா."

அதைக் கேட்டு, என்ர மனுசிக்குத்தான் எவ்வளவு இரக்கம், முகம் தெரியாத கூலியாளுக்கெல்லாம் கவலைப்படுகிறாளே என்று தான் சிரித்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சேட்டு இருந்த பையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ட்ராம் வந்தது. நாங்கள் ஏறவில்லை. கொண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு மணியை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த ட்ராம் வந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாத்தையும் எழுதுங்கோ தங்கச்சி, ஒண்டையும் விடாதையுங்கோ என்றார்.

எழுதினேன். மற்றப் பக்கம் அதைப் படித்த பிறகு அவர்களுடைய கடிதங்களின் சுருதி இறங்கியது. வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. கம்பனி இறங்கி வந்து எல்லாருக்கும் சேரவேண்டியதைக் கொடுத்தது. அதைவிடப் பெரிய விசயம், அந்தப் பின்னேரக் கூட்டலுக்கு வேறு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். கிரேக்கப் பெண் ஒரு கூடை எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார். முதலாளி பேணியை நூலால் கட்டி, தன் கையாலேயே அண்ணையிடம் கொடுத்தார். அந்தக் கந்தோர் இப்போது இல்லை. கட்டடமே இல்லை. எப்போதாவது மெல்பேர்ண் போய் அந்தத் தெருவால் நடக்கும்போது எங்காவது மீன் பொரிகிற மணம் வந்தால் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அண்ணையின் மனைவி வந்து இறங்கிய பிறகு முதல் வந்தது தீபாவளி. கிளென் வேவர்லி வீடு நிறைய ஆட்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். குசினிக்குள் போய் எல்லாருக்கும் வடை எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது தட்டை நீட்டியபடியே, நீங்கள்தானே அந்தக் கசெற்றெல்லாம் கேட்ட தங்கச்சி என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வடை கூடுதலாக வைத்தார்.

அப்போது ஹோலுக்குள் ஒரு புது டொக்டர் அண்ணையிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணை இந்த முறை தண்ணீருக்கு எழும்பவில்லை. மனைவிதான், வடைத் தட்டோடு திரும்பி, வகுப்பில் பாடம் சொல்லுகிற அதே குரலில் பதில் சொன்னார்.

"அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலை மிஷினிலை நிக்கிறார். முந்தி ஆறு மணிக்குப் பிறகும் நிண்டு கூட்டினவர். இப்ப அஞ்சு மணிக்கே வீட்டை வந்திடுவார்."

அண்ணை கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு, தட்டை நீட்டி, இன்னொரு வடை தாரும் என்று மனைவியிடம் கேட்டார்.